மழையில் எல்லா வண்டிகளும் மினுக்கின

அதிகாலைத் தொழுகை முடிந்து பாயை மடித்துக்கொண்டிருந்தபோது யுஸ்னெலிக்குத் தாய்மாமன் தாத்துக் ருஸ்லியிடமிருந்து அழைப்பு வந்தது. அமாக் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார். குரல் உடையவில்லை. குலத்துக்கே தலைவராக இருப்பவர் போனில் அழ முடியாது. சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் காத்திருக்கலாம், அதற்கு மேல் மையித்தை வீட்டில் வைத்திருப்பது நல்லதில்லை, குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற நேரம் வேண்டும், சீக்கிரம் கிளம்பி வா என்று சொல்லி வைத்துவிட்டார்.

அமாக் என்றால் அம்மா; யுஸ்னெலி அவளுக்கு ஒரே மகள். பெக்கன்பாருவில் புருஷனோடு இருந்தாள். ஊர் மலைக்கு அந்தப்பக்கம், பாயாகும்புவைத் தாண்டி சுலிக்கி போகும் வழியில். நல்ல நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நல்ல நாள் என்றால் மழையில்லாத நாள். அன்றைக்கு விடியும்போதே வானம் கரிச்சட்டி போலக் கிடந்தது.

பெண் மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள், அதிலும் முதல் கை மகளுடையது. யுஸ்னெலிக்கு அது உரிமை மட்டுமில்லை, கொடுத்த வாக்கு. சில வருஷங்களுக்கு முன் அமாக் பெக்கன்பாருவுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினாள். மகளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தாள். உண்மையில் உடம்பு சரியில்லாதது அவளுக்குத்தான். இடது மார்பில் இருந்த கட்டியை மகளின் கையை வைத்துத்தான் தொட்டுக் காட்டினாள்; மார்பையே எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் பழைய தலையணைப் பஞ்சை எடுத்துத் தன் கையாலேயே ஒரு சின்ன மெத்தை தைத்து உள்ளே வைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது மாதிரி ஊருக்குத் திரும்பிப் போனாள். அந்த விஷயம் மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும். வேறு ஓர் உயிருக்குத் தெரியாது.

"என்னை நீதான் குளிப்பாட்டணும். வேற கை என்மேல படக்கூடாது," என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். "நம்ம வீட்டுல என் தங்கச்சி மக ஜவானிஸோட பொண்ணுங்க மூணும் கல்யாணத்துக்கு நிக்குது. அந்த வீட்டு ரத்தம் கெட்டதுன்னு ஒரு பேச்சு கிளம்பினா போதும்டி, வாசப்படியை எவனும் மிதிக்க மாட்டான்."

வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ஊர் அது. ரத்தமும் அந்த வழியாகத்தானே போகும்? பெண் எடுக்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வண்டி பழையது, ஏழு பேர் உட்காரலாம். ஓட்டிக்கொண்டிருந்தது எப்போதும் அவள் ஊடா என்று கூப்பிடும் புருஷன் மஸ்ருல்தான். போன வருஷம் வாதம் வந்து அவருக்கு இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் யுஸ்னெலி ஸ்டீயரிங்கைத் தொட்டாள். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓட்டிப் பழகியிருந்தாள், மலை ஏறியதில்லை. அவர் இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் நல்ல கை நடுவில் இருக்கும். அதனால் வண்டியை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஸ்டீயரிங்கும் மிதிகளும் அவளுக்கு. ஏசி, காற்று, கண்ணாடிப் பனியை விரட்டும் குமிழ், சிவப்பு முக்கோணப் பொத்தான் எல்லாம் அவருக்கு.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர். பஸ் கம்பெனிக்காரன்கூட இப்படிச் சம்பளம் கொடுக்கமாட்டான்," என்பார் அவர். அன்றைக்குக் காலையிலும் அதையே சொன்னார், அவள் சிரிப்பாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதற்காகக் கியர் மேல் இருந்த கையை எடுத்து அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அணைக்கட்டு ஏரியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மஸ்ருல் முக்கோணப் பொத்தானை அழுத்தினார். நாலு மூலையிலும் மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கியது. முன்னால் போன லாரியும் மினுக்கியது, எதிரே வந்த பஸ்ஸும் மினுக்கியது. மழை வந்தால் நாலையும் போட்டுவிடுவது அந்தப் பக்கத்துப் பழக்கம். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. முன்னால் போகிறவன் போட்டான், பின்னால் வருகிறவனும் போட்டான், போடாதவன் மடையன் என்று ஆகிவிட்டது. பழுதாகி நிற்கிற வண்டிக்கென்று வைத்த விளக்கு அது என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். மழை வந்ததும் எல்லாருக்கும் மறந்துபோகும்.

பங்காலான் கடைத்தெருவை நெருங்கும்போது யுஸ்னெலி சூடு காட்டும் முள்ளைக் கவனித்தாள். எப்போதும் நடுவில் படுத்துக்கிடக்கிற முள் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள். அங்கேதான் ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் ரெஸ்கி போனில் கிடைத்தான். பாட்டி போன செய்தி கேட்டு அழுதான். பிறகு வண்டி விஷயம் கேட்டு, அழுகையை நிறுத்திவிட்டு, தெரிந்தவன் போல யோசனை சொன்னான். ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள், இன்ஜின் சூடு உள்ளே இறங்கிவிடும், உங்களுக்குக் கொஞ்சம் புழுங்கும், ஆனால் வண்டி பிழைத்துக்கொள்ளும் என்றான்.

மறுபடி இன்ஜினைக் கிளப்பி மஸ்ருல் குளிர் குறைக்கும் குமிழை வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினார். மகன் வண்டியில் அந்தக் கடைசியில் சிவப்பு இருக்குமாம். இவர்கள் வண்டியில் நீலம் மெலிந்து மெலிந்து வெள்ளையாகி முடிந்துபோயிருந்தது. குளிராத காற்றுதான் வந்தது.

"நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குடா ஹீட்டர்னு அதை வைக்காமலேயே வித்துட்டான்," என்றார். "பனியில உக்காந்துக்கிட்டு நம்ம புள்ளைக்கு இந்த ஊரே மறந்துபோச்சு."

நின்ற நேரத்தில் முள் இறங்கியிருந்தது. அவள் தயங்கினாள். பங்காலானில் மெக்கானிக் இருந்தான், ஆனால் அன்று அவன் கடை பூட்டியிருந்தது, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறானாம். மதிய லுஹர் தொழுகைக்கு முந்தி மலை ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினார்கள். ஏசியைப் போட்டால் முள் ஏறுகிறது என்று அணைத்தார்கள். அணைத்ததும் இரண்டு பேர் மூச்சும் கண்ணாடியில் படிந்து வழியை மறைத்தது. மஸ்ருல் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார், போதவில்லை. ஜன்னலை இரண்டு விரல் இறக்கினால் கண்ணாடி தெளிந்தது, மழை உள்ளே வந்து அவள் வலது தோள் முழுக்க நனைந்தது. அவர் நல்ல கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு எதிரே இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். எட்டாத இடத்துக்கு எக்கி எக்கித் துடைத்தார். அவரால் செய்ய முடிந்தது அது.

மலைப்பாதையின் ஒன்பது வளைவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் பாறை நெருக்குகிற இடத்தில், வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே மண் சரிந்து பாதி ரோட்டை மூடிவிட்டதாம். ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தை நிறுத்தி, மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிற்கிற அத்தனை வண்டியும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஏறுவதும் நிற்பதும், பாதி கிளட்சில் ஓர் அடி நகர்வதும் மறுபடி நிற்பதுமாக இருந்ததில் முள் சிவப்பைத் தொட்டது. அவள் வாய் திறப்பதற்குள் பானெட்டுக்குள் பொத்தென்று ஒரு சத்தம். வெள்ளை ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. வண்டியை இடது ஓரத்து மண்ணில் உரசினாற்போல் ஒதுக்கி, கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தாள்.

போனை எடுத்தாள். அந்தப் பாறை இடுக்கில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், பிறகு சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் நிற்கவில்லை. குறை சொல்ல முடியாது. எதிரிலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அதில் இது உயிரோடு ஊர்கிற வண்டி, இது செத்துப்போன வண்டி என்று எவன் கண்டான்? ஆவியும் மழைமூட்டத்தோடு கலந்துவிட்டது. பானெட்டைத் திறந்து வைக்கலாம் என்றாள். கொட்டுகிற மழை எல்லாம் ஒயரில் விழும், இரு, கொஞ்சம் ஆறட்டும், ரேடியேட்டர் மூடியை இப்போது தொட்டால் முகம் வெந்துபோகும் என்று தடுத்தார். அவர் சொன்னது சரிதான். இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். டேஷ்போர்டில் அந்தச் சின்ன அம்பு இரண்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்த வெள்ளை மினிபஸ் வந்தது. பின்னால் இருந்து மெதுவாக ஏறி, பக்கத்தில் வந்ததும் இரண்டு தரம் ஹாரன் கொடுத்தது. ஜன்னலில் ஊனி ஜவானிஸின் முகம். அமாக்கின் தங்கை மகள், யுஸ்னெலிக்கு அக்காள் முறை; ஊனி என்றாலே அக்காள்தான். பெக்கன்பாருவில் இருக்கிற சொந்தக்காரர்களை எல்லாம் திரட்டிக்கொண்டு அவளும் சாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். யுஸ்னெலி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். நில்லு, நில்லு என்று கத்தினாள். ஆவி படிந்த இரண்டு கண்ணாடிகளுக்கு அந்தப்பக்கம் ஜவானிஸ் கையைத் தூக்கி ஆட்டினாள். அவளோடு இருந்த பெண்களும் ஆட்டினார்கள். மினிபஸ் மினுக்கிக்கொண்டே வளைவில் திரும்பி மறைந்தது.

யுஸ்னெலி கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினாள். வளைவு வரைக்கும் ஓடினாள். மினுக்குகிற வண்டிகள் நிறைய இருந்தன, அதில் எது அவர்களுடையது என்றுகூடத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது.

உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த முக்கோணப் பொத்தானையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதை அழுத்தி அணைத்தாள்.

"நெலி, என்ன பண்ற? பின்னாடி வர்றவன் வந்து ஏத்திட்டுப் போயிடுவான்."

"ஏத்தட்டும் ஊடா. ஏத்தினா நிப்பான்ல."

அவர் மறுபடி போடக் கையைக் கொண்டுபோனார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான். அதைப் பிடித்து நிறுத்தியது இரண்டு பேருக்குமே தாங்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் இறங்கிப்போய்ப் பாறையோரத்துச் செடிகளில் கிளைகளை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் தூரமாகப் போட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டு, பானெட்டையும் தூக்கி நிறுத்தினாள்.

மினுக்கல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் இருட்டாக நின்றது. அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு காலி லாரி கிளைகளுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினான்.

"என்ன ஊனி, ஏதாச்சும் ஆயிடுச்சா? விளக்கில்லாம நிக்கவும்தான் பாத்தேன்," என்றான். வீட்டு மையித் காத்திருக்கிறது என்று அவள் சொன்னதும் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் கிழிந்திருந்தது. தன் லாரியில் கிடந்த பழைய டியூபைக் கீறி நாடாவாக எடுத்து வந்தான், ஆனால் இன்ஜின் ஆறாமல் கட்ட முடியாது, கட்டினாலும் பிடிக்குமோ பிடிக்காதோ என்றான். என் வண்டியில் ஓர் ஆள் உட்காரலாம், வேண்டுமானால் ஏறிக்கொள், பாயாகும்புவில் இறக்கிவிடுகிறேன் என்றான்.

லாரியின் படி அவள் இடுப்புயரம் இருந்தது. மஸ்ருலை அதில் ஏற்ற முடியாது.

"நீ போ," என்றார் மஸ்ருல். "நான் என்ன, எழுந்து ஓடியா போயிடப்போறேன்?"

அவர் சிரிக்க முயன்றார். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. அவருக்கு ஒன்றுக்கு வந்தால் யார் பிடிப்பது? மேலே இருந்து இன்னொரு சரிவு வந்தால் கதவை யார் திறப்பது? அவள் லாரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அமாக்கின் உடம்பு ஈரத்துணிக்கடியில் யாருக்காகவோ காத்துக்கிடப்பதையும் பார்த்தாள். ஒருத்திக்கு இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"கட்டிக் கொடுத்துட்டுப் போங்க தம்பி," என்றாள்.

இன்ஜின் ஆறியது. அவன் தன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எடுத்தான். ஹோஸின் கிழிசல் மேல் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினான். பாறையில் இருந்து ஒழுகிய தண்ணீரை அவள் பிளாஸ்டிக் செம்பில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். மூடியை இறுக்காமல் வை, இறுக்கினால் மறுபடி பிய்த்துக்கொள்ளும், முள் ஏறினால் நிறுத்து, தண்ணீர் ஊற்று, மறுபடி ஓட்டு என்று சொல்லிவிட்டு அவன் போனான். அவன் தன் லாரியைக் கிளப்பியதும் முதலில் நாலு விளக்கையும்தான் போட்டான்.

அதற்குப் பிறகு அந்த மலையை அவர்கள் ஏறியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. ஒரு வளைவு ஏறுவார்கள், முள் எழும், நிற்பார்கள். அவள் இறங்குவாள், ஊற்றுவாள், ஏறுவாள். மேலே ஒரு கடையில் பாங்கு கேட்டது. எந்தத் தொழுகைக்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இறக்கத்துக்கு வந்ததும் போன் உயிர்த்தது. மாமாவைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. அடக்கத்துக்குப் போயிருப்பவர் போன் எடுப்பாரா?

வீட்டு வாசலுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. ஆண்கள் மண்வெட்டிகளோடு வயல் வரப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தாத்துக் ருஸ்லி அவளைப் பார்த்ததும் தலைப்பாகையை எடுத்துவிட்டார். அஸருக்கப்புறமும் காத்திருந்தோம், குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்துவிட்டது, இறைத்து இறைத்துப் பார்த்தோம், அதற்கு மேல் முடியவில்லை என்றார். ஆள் அனுப்பலாம் என்று நினைத்தேன், நீ பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறாய், வழியில் பார்த்தோம், கை காட்டினாள் என்று ஜவானிஸ் சொன்னாள், அதனால் அனுப்பவில்லை என்றார்.

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குளிப்பாட்டிய இடத்தில் மறைத்துக் கட்டிய சேலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பூர வாசனை இன்னும் இருந்தது. மற்றப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், பிறகு ஒவ்வொருவராக விலகி உள்ளே போனார்கள். ஜவானிஸ் மட்டும் நின்றாள். அவள் அழுது முடித்திருந்தாள்.

"நான்தான் குளிப்பாட்டினேன்," என்றாள். "துணிக்கு மேலதான் தண்ணி ஊத்தினோம். ஆனா கை போகணும்ல. கைக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருந்தவளுக்கும் தெரியும். நாங்க வெளிய சொல்ல மாட்டோம். மையித்தைக் குளிப்பாட்டினவ பாத்ததைப் பேசக்கூடாது, அது எங்களுக்குத் தெரியாதா?"

வரன், பேச்சு, வீட்டு ரத்தம் என்று அமாக் சொன்ன வார்த்தைகள் எல்லாம் யுஸ்னெலிக்கு நினைவுக்கு வந்தன.

"எங்கிட்டகூட ஏன்டி மறைச்சீங்க?" ஜவானிஸ் சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "போன அறுப்புலேருந்து எனக்கு ஒண்ணு இருக்கு. வலிக்கல. பழைய பால் கட்டுன்னு நினைச்சுக்கிட்டு விட்டுட்டேன். பெரியம்மாவுக்கு இப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

பிறகு யுஸ்னெலியின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் துருவும் கருப்பும் ரப்பர் வாசனையும் ஒட்டியிருந்தன. அதை அவள் பார்க்கவில்லை. தன் தளர்ந்த சட்டைக்குள் இழுத்துப்போய் வைத்துக்கொண்டாள்.

"நீ அவங்களோடதைத் தொட்டுப் பாத்திருப்ப. இதுவும் அது மாதிரியா, சொல்லு."

உடம்பு கதகதப்பாக இருந்தது. அதற்கடியில், கல் மாதிரி, அசைத்தும் நகராமல் இருந்தது அது. யுஸ்னெலியின் விரலுக்கு அதைத் தெரியும். ஜவானிஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யுஸ்னெலி கையை எடுக்கவில்லை, எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.